செம்பருத்திக்கு ஏன் ‘ஐபிசுகசு’?

தமிழ்நாட்டு நகரங்களின் பேரங்காடிகளில் இன்று ஒரு புதுப்பண்டம் விலைபோகின்றது. பளபளக்கும் பையினுள் உலர்ந்த செந்நிறத் துணுக்குகள். பையின்மேல் ‘ஐபிசுகசு டீ’ என்னும் பெயர். குருதியழுத்தம் தணியும், உடலெடை குறையும், இளமை நிலைக்கும் என்று அடுக்கடுக்காய்ப் புகழுரைகள். அதனை வாங்கிச் செல்வோர் யார்? கொல்லையிலும் வேலியோரத்திலும் செம்பருத்தி பூத்துக் குலுங்குவதை நாள்தோறும் கண்டு, கண்டும் காணாராய்க் கடந்து செல்லும் தமிழரே! பூவைக் கண்டபோது வாராத மதிப்பு, அயற்பெயரைக் கண்டபோது வந்துவிட்டது.

“குடிப்பது உடலுக்கு நல்லதாயிருந்தால் போதாதா? பெயரில் என்ன இருக்கின்றது?” என வினவுவார் உளர். பெயரில் என்ன இருக்கின்றது என்பதை அந்தப் பையே காட்டிக்கொடுக்கின்றது. ஏனெனில், வாங்குவோர் எண்ணுவதுபோல் அதனுள் இருப்பது பெரும்பாலும் செம்பருத்தியே அன்று!

‘ஐபிசுகசு’ என்பது ஒரு செடியின் பெயரன்று; இருநூற்றுக்கும் மேற்பட்ட செடிவகைகளை அடக்கிய ஒரு பேரினத்தின் பெயர். அதுவும் பண்டைக் கிரேக்கரும் உரோமரும் சேற்றுநிலத்தில் வளரும் வேறொரு செடிக்கு வழங்கிய சொல். சுவீடன் நாட்டு நிலைத்திணை நூலறிஞர் இலின்னேயசு 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வீட்டுச் செம்பருத்தியை ‘ஐபிசுகசு உரோசா-சைனென்சிசு’ என்றும், புளிச்சையினச் செடி ஒன்றை ‘ஐபிசுகசு சப்தாரிபா’ என்றும் குறித்தார். உலகெங்கும் ‘ஐபிசுகசு டீ’ என விற்கப்பெறுவது இவற்றுள் பின்னதே. அதிலும் அது பூவிதழன்று. பூ உதிர்ந்தபின் காயைச் சூழ்ந்து, தடித்துச் சிவந்து நிற்கும் புல்லிவட்டம். தமிழர் அடுக்களையில் கடைந்தும் துவையலாக்கியும் உண்ணும் புளிச்சைக்கீரையின் நெருங்கிய உறவு அது. அதன் நீர் நன்கு புளிக்கும். செம்பருத்தி இதழ் ஊறிய நீரோ புளிப்பற்றது.

பையின்மேல் ‘செம்புளிச்சை’ என்று எழுதியிருந்தால் நிறமும் சுவையும் இனமும் பெயரிலேயே விளங்கியிருக்கும். எழுத்தறியாப் பாட்டியும் அதைக் காதாற் கேட்ட அளவிலே இன்ன செடி என அறிந்திருப்பாள். ‘ஐபிசுகசு’ என்றமையால் கல்லூரியிற் கற்ற பெயர்த்தியும் ஏமாறுகின்றாள். இதுதான் பெயரில் இருப்பது!

இவ்வேமாற்றம் நாவோடு நிற்பதன்று, உடலையும் தொடுவது. அமெரிக்க நாட்டுத் தப்ட்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2010-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். குருதியழுத்தம் சற்றே மிகுந்து, அதற்கு மருந்துண்ணாதிருந்த 65 பேர் அதிற் பங்குற்றனர். ஒரு பகுதியினர் நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 240 மில்லிலிட்டர் வீதம், ஆறு கிழமை இந்நீரைப் பருகினர். அவர்தம் மேலழுத்தம் நிரவலாக 7 அலகு தணிந்தது. நிறமும் சுவையும் ஒத்த போலிநீர் பருகிய மறுபகுதியினர்க்கு ஏறத்தாழ ஓர் அலகே தணிந்தது. இது மெய்யான பயன்; மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் அவர் பருகியது செம்புளிச்சை நீர். செய்தித்தாளில் ‘ஐபிசுகசு’ என்று படித்த தமிழரோ, அவ்வாய்வின் முடிவைச் செம்பருத்தியின் தலையில் ஏற்றி, அதனை நம்பி இருக்கின்றார். ஒன்றனை ஆய்ந்து கண்டதை மற்றொன்றுக்கு உரியதாகக் கொள்வது மருத்துவமாகுமா?

தீங்கு விளைவதும் இப்படியே. குருதியழுத்தத்திற்கு மருந்துண்போர் செம்புளிச்சை நீரையும் மிகுதியாய்ப் பருகின், அழுத்தம் அளவிறந்து தாழக்கூடும். மருத்துவரைக் கேட்டே பருகவேண்டும். கருவுற்ற மகளிர் இவ்விரு செடிகளின் நீரையும் விலக்குதல் நன்று. எந்தச் செடி என்றே அறியாதவர்க்கு எந்தக் காப்பினைச் சொல்வது?

இனி, ‘டீ’ என்னும் ஒட்டுச்சொல்லை நோக்குக. தேயிலை இட்டுக் காய்ச்சுவது தேநீர். தேயிலையே இல்லாத ஒன்று தேநீராவது எங்ஙனம்? தேயிலையிலும் குளம்பியிலும் உள்ள ‘காபீன்’ என்னும் கிளர்ச்சிப்பொருள் செம்புளிச்சையிலும் இல்லை, செம்பருத்தியிலும் இல்லை. இரவு உறக்கம் கெடாமற் பருகலாம் என்பதன்றோ இவற்றின் தனிச்சிறப்பு! அச்சிறப்பினையே மறைக்கின்றது ‘டீ’ என்னும் பெயர். தேநீரை விலக்கியவர் இதனையும் விலக்குவர். விலக்க வேண்டாதவரோ, ‘இதுவும் ஒரு டீ’ என்பர். 

“தமிழில் சொல் இல்லையே” என்பது அடுத்த தடை. சொல் இல்லையா? சித்த மருத்துவத்தில் இலையும் பூவும் வேரும் இட்டுக் காய்ச்சிய நீர்க்குக் ‘குடிநீர்’ என்பது வழிவழி வந்த பெயர். 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டரசு வழங்கியது நிலவேம்புக் குடிநீர். கொள்ளைநோய் வாட்டிய 2020-இல் தெருத்தெருவாய் மக்கள் குவளையேந்தி நின்று பருகியது கபசுரக் குடிநீர். (கபசுரம் என்னும் முற்பகுதி வடசொல்லாயினும் குடிநீர் என்னும் பிற்பகுதி தூய தமிழே.) ‘நிலவேம்பு டீ தருக’ என்று ஒருவரேனும் கேட்டனரா? நோய்க்கு அஞ்சியபோது நாவில் எளிதாய் வந்த சொல், நாகரிகம் காட்டும்போது மட்டும் ஏன் வாராது போயிற்று? சொல் இல்லாமையன்று கரணியம். நாணம் இல்லாமையே கரணியம்!

பிறநாட்டார் என்ன செய்கின்றனர்? இதே செம்புளிச்சை நீரை எகிப்தியரும் சூடானியரும் ‘கர்க்கதே’ என்பர். செனகல் நாட்டார் ‘பிசாப்’ என்பர். நைசீரியர் ‘சோபோ’ என்பர். மெக்சிக்கோ நாட்டார் ‘அகுவா’ என்னும் சொல்லொடு சேர்த்துப் பெயரிடுவர். அகுவா எனின் ‘நீர்’ என்றே பொருள். அவருள் எவரும் தம் வீட்டிற் பருகுதற்கு இங்கிலாந்து அங்காடியின் பெயர்ச்சீட்டை எதிர்நோக்கி நிற்கவில்லை. எகிப்தியர் திருமணத்தில் கர்க்கதே எனக் கூறியே குவளை உயர்த்துகின்றனர். அதனால் அவர் மதிப்புக் குறைந்ததா?

“செடியே அயல்நாட்டதாயிற்றே” என்பது கடைசித் தடை. ஆகுக. மிளகாயும் அயல்நாட்டதே, அமெரிக்க மண்ணில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. தமிழன் அதனை மிளகுபோல் உறைக்கும் காய் எனக் கண்டு மிளகாய் என்றான். உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் அவ்வாறே பெயர் பெற்றன. வந்த பொருளுக்குச் சொந்தப் பெயரிட்டவன் அன்றைய உழவன்; சொந்தப் பெயருள்ள பூவையும் அயற்பெயரிட்டு அழைப்பவன் இன்றைய படித்தவன்! செம்பருத்தி என்னும் பெயரில் பருத்தியின் உறவு நிற்கின்றது. பருத்தி, செம்பருத்தி, புளிச்சை, வெண்டை, துத்தி, பூவரசு ஆகிய யாவும் ஒரே குடும்பத்தன என்று இற்றை அறிவியல் வகுத்துள்ளது. பூவின் அமைப்பு நோக்கி அவ்வுறவைப் பெயரிலே பொதிந்த இனம், அப்பெயரை எறிந்துவிட்டுப் பொருள் விளங்காத ஒலியைப் பையோடு வாங்குவது இரங்கத்தக்கது.

செம்பருத்திக் குடிநீரின் சுவையறிய விழைவோர் கடைக்கு ஓடவேண்டுவதில்லை. அடுக்கு இல்லாத ஐயிதழ்ச் செம்பூ நான்கைந்தினைக் காலையிற் பறித்துக் காம்பும் புல்லியும் பூந்தாதுத் தண்டும் நீக்கி, இதழ்களைக் கழுவுக. பூச்சிக்கொல்லி தெளித்த பூ ஆகாது. இரு குவளை நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இதழ்களை இட்டு 5 மணித்துளி மூடி வைத்து வடிக்க. நீர் ஊதாநிறம் கொண்டிருக்கும். எலுமிச்சைச் சாற்றினைச் சில துளி பிழிந்தால், ஊதா நொடியிற் செந்நிறமாய் மாறும்! ‘ஆந்தோசயனின்’ என அறிவியலார் கூறும் நிறமி புளிப்பொடு கூடிச் செய்யும் மாற்றம் அது. குழந்தைகட்கு அதனைக் காட்டினால் ஒரு பாடமே நடத்தியதாகும். பின் தேனோ பனங்கருப்புக்கட்டியோ சேர்த்துப் பருகலாம். செம்புளிச்சைக்கு எலுமிச்சை வேண்டா. இஞ்சி ஒரு துண்டு தட்டியிட்டால் மணக்கும்.

ஆகவே தமிழ்க் கடைக்காரரே! பூவிதழாயின் ‘செம்பருத்திக் குடிநீர்’ என்றும், புல்லியாயின் ‘செம்புளிச்சைக் குடிநீர்’ என்றும் பையின்மேல் தமிழில் எழுதுக. தமிழ்த் தாய்மாரே! விருந்தினர்க்குக் குவளை நீட்டும்போது அப்பெயரையே கூறி நீட்டுக. தமிழ் மாணாக்கரே! அடுத்தமுறை ‘ஐபிசுகசு டீ’ எனக் காணின், “இது எந்தச் செடி, எந்த உறுப்பு?” எனக் கடைக்காரரைக் கேட்க. விடை வாராதாயின் பையை அங்கேயே வைத்துவிட்டு வருக. வீட்டுக் கொல்லையில் செம்பருத்தி பூத்திருக்கின்றது.