இடைநிறுத்தம் முடிந்ததும் மணி என்ன?

கேவிஎம்மில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை (விஎம்) ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால், உள்ளே இருக்கும் லினக்ஸைப் பொறுத்தவரை அந்த ஒரு மணி நேரம் நடக்கவே இல்லை. நிறுத்தும்போது, உள்ளே தெரியும் கேவிஎம் கிளாக்கின் மதிப்பை, விஎம்மை இயக்கும் க்யூஈமு குறித்துவைத்துக்கொள்கிறது; தொடரும்போது அதையே திரும்ப வைக்கிறது. தெரிந்தே செய்த ஏற்பாடுதான் இது. பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரம் சட்டென்று 3,600 நொடி தாவினால் காத்திருந்த டைமர்கள் எல்லாம் ஒரே கணத்தில் காலாவதியாகும். சிபியு சிக்கிக்கொண்டதாகக் கர்னல் பொய் எச்சரிக்கை எழுப்பக்கூடும். 2018இல் லினக்ஸ் 4.17 உருவானபோது, கணினி உறங்கிய நேரத்தையும் மோனோடானிக் கடிகாரம் எண்ணும்படி மாற்றிப் பார்த்தார்கள். பயனர் நிரல்கள் தடுமாறின. வெளியீட்டுக்கு முன்பே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஆகவே மோனோடானிக் நிற்பது சரி. தேதியும் மணியும் சொல்லும் ரியல்டைம் கடிகாரமும் அதோடு சேர்ந்து நின்றுவிடுவதுதான் தொல்லை. மடிக்கணினியை மூடித் திறந்தால், தான் உறங்கியது கர்னலுக்குத் தெரியும். விழித்ததும் வன்பொருள் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஹைப்பர்வைசர் வெளியிலிருந்து நிறுத்தினால், நேரத்தைத் திருத்தச் சொல்லும் சேதி உள்ளே போவதில்லை.

‘என்டிபி பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவது நம்மிடையே பழகிப்போன பதில். அதை இந்த இதழ் ஏற்கவில்லை. அதன் பழைய நிரலான என்டிபிடி, வித்தியாசம் 1,000 நொடியைத் தாண்டினால் கடிகாரத்தைத் தொடாமல் தானே வெளியேறிவிடும். இன்னொரு என்டிபி நிரலான க்ரோனியில் பலரும் வைத்திருக்கும் அமைப்பு ‘மேக்ஸ்டெப் 1 3’. முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே தாவ அனுமதி என்பது அதன் பொருள். மாதக்கணக்கில் ஓடும் விஎம்மில் அந்த மூன்றும் என்றோ தீர்ந்திருக்கும். அதன்பின் க்ரோனி மெல்லத்தான் நகர்த்தும். இயல்பான உச்ச வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மணி நேரப் பின்தங்கல் தீர ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். கெர்பரோஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்வது 5 நிமிடம். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி அதுவும் பொறுக்காது.

நிறுத்தியவருக்கே நேரத்தைத் திருத்தும் பொறுப்பும் உண்டு. க்யூஈமு கெஸ்ட் ஏஜென்ட் இருந்தால் ‘விர்ஷ் டொம்டைம் --சிங்க்’ என்ற ஒரே கட்டளை போதும். விஎம்வேர் டூல்ஸ், அவ்வப்போதைய ஒத்திசைவை அணைத்திருந்தாலும், இடைநிறுத்தத்திலிருந்து மீளும்போது நேரத்தைத் தானாகவே திருத்துகிறது. தனியாகத் தடுத்தால்தான் அது நிற்கும். விர்ஷ் சார்ந்த லிப்வர்ட் பக்கத்தில் அதே வேலையை நாம் எழுதிவைக்க வேண்டும். ரன்புக்கில் ‘ரெஸ்யூம்’ என்ற வரிக்கு அடுத்த வரியாகவே அது இருக்கட்டும்.

கடிகாரம் சரியாகிவிட்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. ஒரு நிரல் சேமிப்பகத்தில் எழுத 30 நொடிக்குப் பூட்டு வாங்குகிறது. பூட்டு இன்னும் தன்னிடம் இருப்பதைச் சரிபார்க்கிறது. அந்தச் சரிபார்ப்புக்கும் அடுத்து எழுதுவதற்கும் நடுவே விஎம் இரண்டு நிமிடம் நிற்கிறது. பூட்டு வேறொருவர் கைக்குப் போயிருக்கும். எழுந்தவுடன் முதல் கட்டளையே எழுது என்பதாக இருந்தால், கடிகாரத்தைப் பார்க்க இடமே இல்லை. இங்கே நேரத்தை நம்பும் எந்த வடிவமைப்பும் தோற்கும். பூட்டோடு ஏறுவரிசை எண் ஒன்றும் தர வேண்டும். பழைய எண்ணோடு வரும் எழுதும் கோரிக்கையைச் சேமிப்பகமே மறுக்க வேண்டும். எழுதுபவரின் கடிகாரத்தைப் பற்றிச் சேமிப்பகத்துக்குக் கவலை இருக்கக் கூடாது.

சோதனைக் கிளஸ்டரில் இதைப் பார்க்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பூட்டு வைத்திருக்கும் விஎம்மை, எழுதும் சுமை ஓடும்போதே, நிறுத்துங்கள். பூட்டின் காலம் முடிந்து அது வேறொரு முனைக்குப் போகும் வரை பொறுத்துத் தொடரவிடுங்கள். இரண்டு முனைகளின் பதிவேடுகளையும் ஹோஸ்ட்டின் நேரத்தோடு ஒப்பிட்டு, பழைய எண்ணோடு வந்த எழுதும் கோரிக்கை ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று பாருங்கள்.