பலகைதானேன்னு சொல்லாதீங்க சாமி!

"ஒரு சின்னப் பலகைக்கு மூணு ஞாயித்துக்கிழமையா?"

வீட்டுக்கு வந்த நண்பர் கேட்டது. அவரும் மெக்கானிக்கல் படிச்சிட்டு என்னை மாதிரியே பொட்டி தட்டுறவர்தான். கூடவே இலவச ஆலோசனை வேற: "ஆசாரிகிட்ட குடுத்தா அரை மணி நேர வேலை. இல்லன்னா அக்ரிலிக்ல ரெடிமேடா வாங்கிப் போடு, ஸ்டாண்டுதானே!" சிரிச்சு, காபி குடுத்து அனுப்பிட்டேன். கடுப்பு மட்டும் அடங்கலை. அதான் இந்தப் பதிவு.

மேட்டர் என்னன்னா, என் மேசையில் இருப்பது கையளவு ஸ்டிர்லிங் எஞ்சின். ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1816-ல் காப்புரிமைக்குப் போட்ட சமாச்சாரம். ஸ்பிரிட் விளக்கை ஏத்தினா, உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரியும், குளிர்ந்து சுருங்கும், சக்கரம் சுத்தும். ஆனா பலம் ரொம்பக் கம்மி. எங்கேயாவது லேசா உராய்ஞ்சாலே நின்னுடும். இதில் சிலிண்டர் தனி, சக்கரத்தைத் தாங்கும் தூண் தனி. ரெண்டையும் நேரா பிடிச்சு வச்சிருக்கறதே அந்தப் பலகைதான். அது முறுக்கிக்கிட்டா எஞ்சின் அம்பேல். அப்போ அது ஸ்டாண்டா, எஞ்சினோட உறுப்பா? நீங்களே சொல்லுங்க.

அக்ரிலிக்? ஓடாம கண்ணாடி அலமாரியில் தூங்குற எஞ்சினுக்கு தாராளமா போடுங்க. விளக்கு எரியுற இடத்தில் அது இளகும், ஸ்பிரிட் பட்டா மயிரிழையா விரிசல் விடும். பிளைவுட்? நியாயமா சொல்லணும்னா அது மரத்தை விட கம்மியாத்தான் அசையும். ஆனா ஓரத்தை மூடலைன்னா எண்ணெயைக் குடிச்சிடும். நான் எடுத்தது பழைய தேக்கு.

அதிலும் முதல் பலகை ஊத்திக்கிச்சு. அரக்கு பாலிஷ் போட்டு கண்ணாடி மாதிரி மின்னிச்சு. விளக்கில் ஊத்தும்போது நாலு சொட்டு ஸ்பிரிட் சிந்தினதும் அந்த இடம் பிசுபிசுன்னு வந்துடுச்சு. அரக்கைக் கரைக்கறதே ஸ்பிரிட்தான்! இஞ்சினியராம் இஞ்சினியர் :-(

தூக்கிக்கிட்டு எங்க தெரு ஆசாரிகிட்ட போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது மேல என்ன தம்பி சிந்தும்?" நாலு வருஷப் படிப்பில் எனக்குத் தோணாத கேள்வி. மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில்தான் ஈரத்துக்கு ஏத்த மாதிரி விரியும், சுருங்கும். அதனால குறுக்கே இருக்கற திருகு ஓட்டையை நீட்டமா போடுன்னார். மேல மட்டும் பூசினா பலகை கூன் போடும், அடியிலும் பூசுன்னார். ரெண்டாவது பலகைக்கு ரெண்டு பக்கமும் பாலியூரித்தேன் வார்னிஷ் பூசி, நல்லா காயவிட்டேன். எஞ்சின் இப்போ ஜம்முன்னு ஓடுது.

இதையெல்லாம் முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பிலேயே கத்திருக்கலாம். ஆனா அங்கே என்ன பண்ணோம்? மரத்தை லேப் உதவியாளர் அறுத்தார், நாம ரெக்கார்டு நோட்டில் படம் வரைஞ்சு மார்க் வாங்கினோம். மரவேலைன்னா யாரோ செய்யறது, நமக்கெதுக்குங்கற நினைப்பு. அந்த நினைப்புதான் "ஆசாரிகிட்ட குடு"ன்னு பேசுது. ஆசாரிகிட்ட போறது தப்பே இல்லை. கத்துக்கப் போங்க, அவர் சொல்ற கூலியைப் பேரம் பேசாம குடுங்க. அரை மணி நேர வேலைன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

வர்ற ஞாயிறு நண்பரை மறுபடி வரச் சொல்லியிருக்கேன். காபி உண்டு. கூடவே ஒரு தேக்குத் துண்டும் உப்புத்தாளும் உண்டு :-)