காற்று வரும் வழி

வன்னி மக்களுக்கு யன்னலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009இல் போர் ஓய்ந்து ஊர் மீண்டபோது, பல வீடுகளிற் சுவர் மட்டுமே நின்றது. கதவும் நிலையும் போயிருந்தன. 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டம் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கிற்று. அது போதாத இடங்களில் யன்னல் வாயைத் தகரமும் சாக்கும் மறைத்தன.

இன்று அவற்றை மாற்ற முனைவோர் முதலிற் காற்றை எண்ணுக. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழை வரும். எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல் இருப்பின் காற்று வீட்டை ஊடறுத்துச் செல்லும்.

முதிரை, பாலை போன்ற வைர மரங்களைக் கறையான் எளிதில் அரிக்காது, விலையோ அதிகம். அலுமினியத்துக்குக் கறையான் பயமே இல்லை. ஆயினும் இழுத்துத் திறக்கும் யன்னலிற் பாதி வழியே கிடைக்கும். சித்திரை வெக்கைக்கு, முழுதுந் திறக்கும் பிணைச்சல் யன்னலே ஏற்றது.

வாயின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூவிடத்தில் அளந்து, குறைந்த அளவையே தச்சரிடம் கூறுங்கள். மூலைக்கு மூலை அளந்த இரண்டும் ஒவ்வாவிடின் வாய் கோணலென அறிக. அடிக்கட்டு வெளிப்புறம் சற்றே சரிந்திருக்கட்டும். மழைநீர் உள்ளே தேங்காது.

எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றக் கடன்பட வேண்டா. பிள்ளைகள் படிக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்.