எதிரணியா, எதிரியா?

எதிரணி என்பது ஒரு சொல். எதிரி என்பது மற்றொரு சொல். முன்னது ஆடுகளத்துக்கு உரியது. பின்னது போர்க்களத்துக்கு உரியது. தேநீர்க் கடைகளிலும் இரயில் பெட்டிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும், இன்று கைப்பேசிக் குழுக்களிலும் நடைபெறும் கிரிக்கெட் உரையாடல்களைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். முதற்சொல் தேய்ந்து, இரண்டாம் சொல் கொழுத்து வருவதை உணரலாம். பழிதீர்த்தல், பதிலடி, மண்ணைக் கவ்வ வைத்தல், மானம் காத்தல் ஆகிய சொற்களைக் கழித்துவிட்டால், இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேச நம்மில் பலருக்கு மொழியே இல்லை. பந்து எப்படித் திரும்பியது, மட்டை எப்படி அதனை எதிர்கொண்டது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இது வெறும் வாய்ப்பேச்சுத்தானே என்று இதனை ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. ஏனெனில், இப்பேச்சு மனிதரைக் காயப்படுத்துகின்றது, ஆட்டத்தையும் கெடுக்கின்றது.

நம் மக்களுக்கு வேறு விதமாகப் பேசவும் நடக்கவும் தெரியாதா? தெரியும் என்பதற்குச் சென்னை சேப்பாக்கம் சான்று. 1999 ஜனவரியில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் தொடர் ஆட இந்தியா வந்தது. அத்தொடரை எதிர்த்து, தில்லி பெரோஸ் ஷா கோட்லா ஆடுகளத்தைச் சிலர் தோண்டிப் பாழாக்கினர். எனவே முதல் டெஸ்ட் சென்னைக்கு மாற்றப்பட்டது. வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் இந்தியா 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. முதுகுவலியோடு போராடிய டெண்டுல்கர், நயன் மோங்கியாவைத் துணைக்கொண்டு அணியைக் கரைசேர்க்க முயன்று 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் வீழ்ந்தபோது தேவைப்பட்டவை பதினேழு ஓட்டங்களே. அடுத்த மூன்று விக்கெட்டுகள் நான்கு ஓட்டங்களுக்குள் சரிந்தன. பன்னிரண்டு ஓட்டங்களில் பாகிஸ்தான் வென்றது.

கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற்போன அந்த வேளையில் சேப்பாக்கம் என்ன செய்தது? சில நொடிகள் உறைந்து நின்றது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வசீம் அக்ரமும் அவர் அணியினரும் அக்கரவொலிக்கு நடுவே மைதானத்தை வலம் வந்தனர். அவ்வாறு கைதட்டியவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லையென்று எவர் சொல்லத் துணிவார்? தோல்வியில் அவர்கள் நெஞ்சு கனத்தது உண்மை. நல்ல ஆட்டத்தைக் கண்டு அவர்கள் கை உயர்ந்ததும் உண்மை. இரண்டும் ஒரே மனிதருக்குள் இடம்பெற முடியும் என்பதே அந்நாள் கற்பித்த பாடம்.

மூன்று வாரம் கழிந்து, அதே இரு அணிகள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் சந்தித்தன. சோயப் அக்தருடன் மோத நேர்ந்ததால் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனார். கூட்டம் கொதித்தது, பொருள்கள் பறந்தன, ஆட்டம் தடைப்பட்டது. டெண்டுல்கரே மைதானத்தைச் சுற்றி வந்து மக்களை அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. மறுநாளும் கலவரம் மூளவே, காவல்துறை பார்வையாளர்களை வெளியேற்றியது. வெறிச்சோடிய இருக்கைகளின் முன்னே 46 ஓட்டங்களில் பாகிஸ்தான் வென்றது. இதில் நாம் மறந்துவிட்ட ஒன்றுண்டு. அவ்வாட்டத்தில் ஜவகல் ஸ்ரீநாத் 13 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரண்டாம் இன்னிங்சில் மட்டும் எட்டு. தம் டெஸ்ட் வாழ்வின் மிகச் சிறந்த பந்துவீச்சை அவர் வழங்கிய ஆட்டத்தைக் கலவரத்தின் பெயரால்தான் இன்று நினைவுகூர்கின்றோம். எதிரியைப் பழிக்கப் புறப்பட்ட கூட்டம் தன் வீரனின் சாதனையை மூடி மறைத்தது. பகைமை யாருக்கு முதலில் தீங்கு செய்கின்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

போட்டி கடுமையாக இருந்தால் பகை தவிர்க்க இயலாதது என்று வாதிடுவோர் உளர். கிரிக்கெட்டின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1960-61-இல் பிராங்க் வொரெல் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி ஆஸ்திரேலியா சென்றது. கறுப்பினத்தவர் ஒருவர் முழுத் தொடருக்கும் அவ்வணியின் தலைவராய் அமர்ந்தது அதுவே முதல் முறை. பிரிஸ்பேன் டெஸ்ட் வெற்றி தோல்வியின்றிச் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அத்தகைய முடிவு அதற்குமுன் நேர்ந்ததில்லை. தொடரை வென்றது ஆஸ்திரேலியாதான். ஆனால் மெல்போர்ன் நகர மக்கள் தெருக்களில் திரண்டு, தோற்ற அணிக்கு வழியனுப்பு விழா எடுத்தனர். அவ்விரு நாடுகளும் அன்று முதல் ஆடிவரும் கோப்பைக்குத் தோற்ற தலைவரின் பெயரே சூட்டப்பட்டது. அது வொரெல் கோப்பை.

அதே வொரெல் 1962-இல் நம் நாட்டுக்குச் செய்ததை எத்தனை பேர் அறிவோம்? பார்படோசில் சார்லி கிரிபித்தின் பந்து தாக்கி இந்தியத் தலைவர் நாரி காண்டிராக்டரின் மண்டையோடு உடைந்தது. உயிருக்குப் போராடிய அவருக்குக் குருதி வழங்க முன்வந்தவர்களுள் வொரெலும் ஒருவர். இந்தியாவுக்கு எதிரான அத்தொடரில் மேற்கிந்திய அணியின் தலைவர் அவரே. ஐந்து டெஸ்டுகளிலும் அவர் அணி இந்தியாவைத் தோற்கடித்தது. அவர் குருதி இந்தியத் தலைவரின் உடலில் ஓடியது. களத்தில் விட்டுக்கொடாமையும் களத்துக்கு வெளியே மனிதமும் ஒன்றையொன்று தின்றுவிடவில்லை. வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஆண்டுதோறும் பிப்ரவரி 3-ஆம் நாள் வொரெல் நினைவாக இரத்ததானம் நடத்துகின்றது. ஈடன் தோட்டத்தைத் தன் இல்லமாகக் கொண்ட சங்கம் அது! ஒரே நகரில் கல்லெறிந்த கையும் உண்டு. குருதி வழங்கும் கையும் உண்டு. நாம் எக்கையைப் பற்றிக்கொள்வது?

மாபெரும் வீரர்களைப் பற்றிய நம் பேச்சும் இதே நோயால் பீடிக்கப்பட்டுள்ளது. வார்ன் பெரியவரா, முரளிதரன் பெரியவரா என்ற வழக்கைத் தீர்க்க எத்தனை இரவுகள்! வார்னின் 708 விக்கெட்டுகளை உயர்த்துபவர், முரளியின் 800 விக்கெட்டுகளைப் பழித்தால்தான் தம் வாதம் நிற்கும் என எண்ணுகின்றார். 1995-இல் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் முரளியின் பந்துகளை முறையற்றவை என அறிவித்ததை எடுத்து வீசுகின்றார். பின்னர் நடந்த ஆய்வுகளையும், முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக விதி வகுக்கப்பட்டதையும் வசதியாய் மறக்கின்றார். மறுபுறத்தாரோ வார்னின் கலையைப் பேசாமல் அவருடைய தனிவாழ்வின் சறுக்கல்களைக் கிளறுகின்றனர். இரு சாராரும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 2007 முதல் ஆஸ்திரேலியாவும் இலங்கையும் வார்ன்-முரளிதரன் கோப்பைக்காகவே டெஸ்ட் ஆடுகின்றன. களம் ஒரே கோப்பையில் பொறித்த பெயர்களை நம் நாவு ஏன் பிரித்துப் போராட வேண்டும்? ஒப்பிடுதல் குற்றமன்று; ஒருவரை உயர்த்த இன்னொருவரை மிதிப்பதே குற்றம்.

இப்பகைமைப் பேச்சு எல்லைக்கு அப்பாலுள்ளோரோடு நின்றுவிடும் என நம்புவதும் பேதைமை. 1990-இல் பிரிட்டனில் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகின்றனர் என்பதையே அவர்களுடைய பற்றுக்கு அளவுகோலாக்கினார். அவ்வளவுகோல் நம் நாட்டிலும் தாராளமாய்ப் புழங்குகின்றது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் பத்து விக்கெட்டு வித்தியாசத்தில் இந்தியாவை வென்றது. நம் பந்துவீச்சாளர் எவருக்கும் ஒரு விக்கெட்டுகூடக் கிட்டவில்லை. ஆயினும், முகமது ஷமி ஒருவரே அவர் சமயத்தின் பெயரால் தூற்றப்பட்டார். அடுத்த ஆண்டு ஒரு பிடியைத் தவறவிட்ட இளைஞர் அர்ஷ்தீப் சிங் பிரிவினைவாதி எனப் பட்டம் பெற்றார். 2023 உலகக் கோப்பையில் எல்லாரையும் விட அதிகமாக 24 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அதே ஷமி. 2024-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது 17 விக்கெட்டுகளோடு முன்னணியில் நின்றவர் அதே அர்ஷ்தீப். அப்போது புகழ்ந்தோம். ஆனால் விக்கெட் எடுத்தால்தான் ஒருவன் குடிமகனா? கை நழுவிய பந்து ஒரு மனிதனின் தாய்நாட்டையே பறித்துவிடுமா? சிறுபான்மையினராய் வாழ்கின்ற நமக்கு இக்கேள்வியின் கனம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் அத்தூற்றல்களைக் கைப்பேசியில் பிறருக்கு அனுப்பி மகிழ்ந்தோர் நம்மிடையே இல்லையா?

ஓர் எதிர்வாதத்தை நாம் மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அக்குடும்பங்களின் கண்ணீர் உலராதபோது கைதட்டலும் கைகுலுக்கலும் எவ்வாறு தகும் என்கின்றனர். இக்கேள்வி நியாயமானது. ஆடுவதே தகாது என ஒரு நாடு முடிவெடுத்தால், அம்முடிவில் நேர்மை உண்டு. பத்தாண்டுகளுக்கும் மேலாக இவ்விரு நாடுகளும் தமக்குள் தனித்தொடர் ஆடவில்லை என்பதையும் அறிவோம். ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் நடந்ததென்ன? மூன்று முறை ஆடினர். ஒளிபரப்பும் நடந்தது, விளம்பரமும் ஓடியது, வருவாயும் சேர்ந்தது. கைகுலுக்கல் மட்டும் மறுக்கப்பட்டது. எதிர்ப்புறத்திலும் ஒருவர் மட்டையைத் துப்பாக்கியெனப் பிடித்துக் காட்டினார். இன்னொருவர் விமானம் வீழ்வதுபோல் சைகை செய்தார். இறுதியில் வென்ற இந்திய அணி கோப்பையைப் பெறாமலே மேடை கலைந்தது. பணத்துக்காக ஆட்டம், கௌரவத்துக்காகப் பகை என்ற இவ்வேற்பாடு மாண்டவர்களுக்கு எவ்வகையில் அஞ்சலியாகும்? ஆடாதிருப்பது ஒரு நிலைப்பாடு. முழு மனத்தோடு ஆடுவது இன்னொரு நிலைப்பாடு. ஆடிக்கொண்டே வெறுப்பது நிலைப்பாடன்று, வாணிகம்.

வாரியங்களையும் ஒளிபரப்பு நிறுவனங்களையும் திருத்துவது நம் கையில் இல்லை. நம் நாவு நம் கையில் உள்ளது. அடுத்த ஆட்டம் முடிந்ததும் நம் பிள்ளைகள் நம்மைக் கவனிப்பார்கள். எதிரணியில் இன்று மிக நன்றாக ஆடியவர் யார் என்று அவர்களிடம் கேட்போம். அப்பெயரைத் தயங்காமல் நாமும் சொல்வோம். தோற்ற நாளில் பழியைச் சுமக்க ஒரு பெயரைத் தேடுபவரிடம், அப்பேச்சு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே கூறுவோம். 1999-இல் சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்களும் நம்மைப்போன்ற மனிதர்களே. நெஞ்சு வெடிக்கும் தோல்வியிலும் அவர்களால் இயன்றது, இருக்கையில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும் நமக்கு இயலாதென்றால், குறை ஆட்டத்தில் இல்லை, நம்மிடத்தில்தான்.