ஓசையின்றிக் கொழுக்கும் ஈரல்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையெங்கும் தேயிலை மலைகள். கொழுந்துக் கூடையைச் சுமந்து அம்மலைகளில் நாள்தோறும் ஏறியிறங்குவோர்க்கு ஈரலில் கொழுப்புப் படியுமா? படியாது என்றே பலரும் எண்ணுவர். நுவரெலியா மாவட்டத்தின் இரு தோட்டங்களில் நிகழ்ந்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. மதுவினால் அல்லாத ஈரல் கொழுப்பு அங்கு நூற்றுக்குப் 18 பேரிடம் காணப்பட்டது. இராகமை நகர்ப்புறத்தில் 35 முதல் 64 வயதினரை முன்னர் ஆராய்ந்தபோதோ, ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் இருந்தது. உடலுழைப்பு காக்கிறது போலும், முற்றும் காக்கவில்லை.

உண்ணும் மாவும் சீனியும் தேவைக்கு மிஞ்சினால் ஈரல் அவற்றைக் கொழுப்பாக்கித் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. அக்கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டினால் நோய் என்பர். வலியில்லை, காய்ச்சலில்லை; வேறெதற்கோ எடுத்த ஸ்கேன் படத்தில் தற்செயலாகத் தெரியவரும். பெரும்பாலோர்க்கு அவ்வளவில் நின்றுவிடுகிறது. சிலர்க்கோ ஈரல் அழன்று, தழும்பேறி, பல்லாண்டுகளின்பின் சுருங்கிப்போகிறது. நீரிழிவு உடையோர்க்கு இவ்வச்சம் அதிகம்.

நம் வீடுகளில் முதலில் நோக்கவேண்டியது தேநீர்க் கோப்பையையே. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி, நாளுக்கு நான்கு கோப்பை. கூட்டினால் ஏறத்தாழ 50 கிராம்! உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் வகுத்த உச்ச அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். அதிற் பாதியே நன்று என்றும் அது கூறுகிறது. தேநீரை விடும்படி நாம் கூறவில்லை. மலைநாட்டில் அப்படிக் கூற யாருக்குத் துணிவுண்டு? சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நா பழகிவிடும். காப்பி அருந்துவோர்க்கு ஈரல் தழும்பு குறைவெனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தேயிலைக்கு முன் இம்மலைகளில் விளைந்தது அதுவேயன்றோ!

கோதுமை மா ரொட்டியைப் பழிப்பது எளிது. குறைந்த செலவில் வயிறு நிறைவதால் அதனை உண்கின்றனர். ஆதலால் நாம் பழியோம். ஒரு ரொட்டியைக் குறைத்துப் பருப்பையும் தோட்டத்துக் கீரையையும் கூட்டிக்கொண்டால் போதும்.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. பருமனுடையோருள் 70 கிலோகிராம் நிறையுள்ளவர் ஐந்து கிலோ குறைத்தாலே ஈரற் கொழுப்புக் கணிசமாகக் கரையும். ஆனால் பட்டினி கிடந்து விரைவாக மெலிவது ஈரலுக்கே தீங்கு. மதுவை அறவே விலக்குக. மஞ்சட் காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் கீழ்காய்நெல்லியை இதற்கும் மருந்தென நம்பிக் காலங்கடத்தலாகாது. நீரிழிவுக்கு மருந்து பெறும் பெற்றோரை அடுத்தமுறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் மாணவர்கள், ஈரலையும் சோதிக்க வேண்டுமா என வைத்தியரிடம் கேட்டுவருக.