ஆய்வேடு எவர்க்கு?

இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது ஆயிரம் மசலா. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல் 1572-ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞர் ஒருவர் வினவ, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அமைந்தது அது. மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பது பொருள். கேட்பவர் ஒருவர் எதிரே இருக்கிறார் என்னும் எண்ணமே அவ்விலக்கிய வகையின் உயிர். நம் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு அவ்வாறு எதிரே இருப்பவர் எவர்? வழிகாட்டியும் தேர்வாளரும் தவிர வேறு எவரும் உளரா?

இவ்வினாவைப் பிறர்பால் தொடுக்கும் முன் என்னிடமே தொடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். சற்றேறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் எம்.பில். பட்டத்திற்காக மசலா இலக்கியங்களை ஆய்ந்தேன். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் முதிய தாயார் ஒருவர் நூறு மசலாவின் பல பகுதிகளை ஏடு பாராமல் இசையோடு ஓதிக் காட்டினார், ஒலிநாடாவில் பதிந்துகொண்டேன். அவர் ஓதிய பாடம் என் கையிலிருந்த அச்சுப் பாடத்தினின்று சில இடங்களில் வேறுபட்டது. அவற்றுள் சிலவற்றில் அவர் பாடமே ஓசைக்கும் பொருளுக்கும் பொருந்தி நின்றது. அதனை ஆய்வேட்டின் நான்காம் இயலில் எழுதினேன்.

பட்டம் பெற்றபின் அவரைக் காணச் சென்றபோது, “எங்க பாட்டுல என்ன வாப்பா கண்டுபுடிச்ச?” என்று ஆவலுடன் வினவினார். “வினாவிடை உத்தி, யாப்பமைதி, அரபுச் சொற்கலப்பு” என இயல் தலைப்புகளை அடுக்கினேன். “நல்லா இரு வாப்பா” என்று வாழ்த்தி விடைகொடுத்தார். ‘அச்சிட்ட நூலினும் உங்கள் நினைவு சில இடங்களில் செம்மையாக இருக்கிறது, உம்மா’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. இன்று அவர் இல்லை. அவருக்கு உரிய செய்தி நூலகத்துப் பேழையில் உறங்குகிறது.

முன்னோர் இவ்வாறு இருந்தாரல்லர். ஏட்டில் கிடந்த சீறாப்புராணத்தை 1842-இல் அச்சேற்றி உலவவிட்டார் சேகனாப் புலவர். செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை வகுத்தார். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆய்ந்தபோது, கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று விளங்காத பகுதிகளுக்கு விளக்கம் கேட்டார். 1887-இல் அந்நூல் வெளிவந்தது. ஏடு தேடிய கதையையும் துணைநின்றோர் திறத்தையும் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் எல்லார்க்கும் விளங்கும் வண்ணம் எடுத்துரைத்தார். கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய மு. வரதராசனார் எழுதிய திருக்குறள் தெளிவுரை எளியோர் கைகளிலும் தவழ்கிறது.

நமக்கு இன்னும் அண்மையான சான்று பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய முதுகலை ஆய்வு 1953-இல் ஆங்கில நூலாயிற்று. அத்துடன் அவர் அமைந்துவிடவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், முனைவர் பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தமிழிலேயே பல தொகுதிகளாக யாத்தார்.

எளிமைப்படுத்தினால் ஆய்வின் நுட்பம் குன்றும் என்பர் சிலர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. மேடைக் கைத்தட்டலுக்காக ஐயத்திற்குரியதைத் துணிபாக உரைப்பாரும் உளர். ஆயினும் அது எளிமையின் குற்றமன்று. நேர்மைக் குறைவின் குற்றம். ‘இது உறுதி, இது என் ஊகம்’ என்று பிரித்துச் சொல்ல எளிய தமிழே போதும். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளே பெரிதும் கணக்கிடப்படுகின்றன என்பதும் மெய்யே. எனினும் நம் பணிகள் யாவும் கணக்கிற்காகச் செய்யப்படுவன அல்லவே!

முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்கவேண்டும் என 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது. அவற்றுள் பல சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் எவரும் காணக் கிடைக்கின்றன. இது பெரும்பேறு. ஆனால் கதவைத் திறந்து வைப்பது வேறு. விருந்தினரை எதிர்கொண்டழைப்பது வேறு. முந்நூறு பக்க ஆய்வேட்டைத் தேடிப் படிக்க ஊராருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

ஆகவே நம் கல்லூரி அளவிலேனும் இரண்டினைச் செய்யலாம். ஆய்வேட்டை அளிக்கும் மாணவர் ஒவ்வொருவரும், கண்டறிந்தவற்றை நான்கு பக்கங்களில் கலைச்சொற் சுமையின்றி எழுதித் தருதல் வேண்டும். ஆய்வுக்குச் செய்தி தந்த ஊருக்குச் சென்று, தந்தவர் முன்னிலையில் அதனைப் படித்துக்காட்டி, அவர்தம் வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். ஜமாஅத் பெரியோர்கள் அதற்கு ஓரிடமும் ஒரு மாலைப் பொழுதும் நல்கினால் போதும். பெண்களுக்கும் அவ்வவையில் இடம் வேண்டும். நம் பாடல்கள் பலவற்றை நினைவில் காத்தவர் அவர்களே.

அந்தத் தாயாரின் குரல் பதிந்த ஒலிநாடா இன்னும் என்னிடம் உள்ளது. அவருடைய பேரப்பிள்ளைகள் அவ்வூரில்தான் வாழ்கின்றனர். வரும் விடுமுறையில் அதனோடும் நான்கு பக்கங்களோடும் அங்கே செல்வேன், இன்ஷா அல்லாஹ். காலந்தாழ்ந்த விடைதான், எனினும் கேட்கப்பட்ட வினாவிற்கு விடையளித்தல் கடனன்றோ!