வெள்ளவத்தையோடு நின்றுவிடாதீர்கள்

கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊரிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டால், வாடகை வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சிங்களம் படியுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. “அங்கே தமிழும் ஆட்சிமொழிதானே, தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் வீடு பார்த்தால் போதாதா?” என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

கொழும்பில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்புவதற்கு அது போதும். பத்தரமுல்லையில் வதிவிட விசாவைப் புதுப்பிக்க அலுவலகமே ஆள் அனுப்பும். வீட்டுக்காரர் மொத்தமாக முன்பணம் கேட்பார், அதையும் கம்பெனி கட்டும். ஆட்டோவுக்குப் பிக்மீ செயலி உண்டு. தஞ்சாவூரிலிருந்து தூக்கிவந்த மிக்ஸியின் உருண்டை முள் இங்குள்ள சதுரத் துளையில் நுழையாது, அதற்கு அடாப்டர் கிடைக்கும். இப்படியே ஐந்தாறு வருடம் வசதியாக இருந்தவர்களை நான் அறிவேன். நுவரெலியா போய்வந்த கதையைத் தவிர இலங்கையைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் அதிகம் இல்லை.

என்னை வேலை வில்கமுவவுக்கு அனுப்பியது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கண்டியிலிருந்து போனால் ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவுகளில் இறங்கி, ஹசலக வழியாக அங்குள்ள ஹெட்டிப்பொலவுக்கு வந்து சேரலாம். ஒருபுறம் மினிப்பே இடதுகரை வாய்க்காலின் தண்ணீரில் விளையும் வயல். இன்னொருபுறம் 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வஸ்கமுவ காடு. காட்டில் யானை, வயலில் நெல், நடுவில் மனிதர்கள். அவர்களிடம் யானையால் வரும் சேதங்களைக் கேட்டு எழுதுவதுதான் என் பணி. ஊரில் பேச்செல்லாம் சிங்களம்.

முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கூட வந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது: இத்தனை தென்னை போயிற்று, இத்தனை மூட்டை நெல் போயிற்று. தட்டுத்தடுமாறி நானே பேசத் தொடங்கிய பிறகுதான் கேட்காதவை வெளியே வந்தன. பெரும்போக நெல் முற்றும் காலத்தில் கணவர் மரத்தின் மேல் காவல் பரணில் விடிய விடிய இருப்பார். பிள்ளைகளோடு கீழே படுத்திருக்கும் மனைவிக்கும் தூக்கம் கிடையாது. அறுத்த நெல்லை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. வெளியே வைத்தால் யானை தின்றுவிடும். வீட்டுக்குள் வைத்தால் நெல் வாசனைக்குச் சுவரையே இடித்துவிடும், சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். நாடு முழுவதும் 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள் என்ற கணக்கு எனக்கு முன்பே தெரியும். அந்தச் சுவரைப் பற்றி எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

யானைக்கு நாரத்தை, தோடை (ஆரஞ்சு) வகைகள் பிடிக்காது என்பதால் இந்தப் பக்கம் வீட்டைச் சுற்றித் தோடை மரம் நடும் திட்டம் ஒன்று நடக்கிறது, நல்ல திட்டம். ஆனால் யானை எந்தப் பக்கமாக வரும், கன்றை எங்கே நடவேண்டும் என்பதை அந்த வீட்டுப் பெண்தான் சொல்ல முடியும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்று கொழும்பில் சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு அம்மா அதைத் தடுத்து, சுத்திகரிப்பு நிலையத்தில் பிடித்த தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும் என்றார். காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் பகுதி இது. சந்தேகிக்கப்படும் காரணங்களில் ஒன்றான, நீரில் கரைந்த ஃபுளோரைடு கொதிக்கவைப்பதால் போய்விடாது. என் உடம்பைக் காக்கும் இந்த அறிவுரையும் சிங்களத்தில்தான் வந்தது.

சிங்களத்தை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று யாழ்ப்பாண நண்பர் ஒருவர் கோபப்பட்டார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து தமிழரின் வேலையையும் மானத்தையும் பறித்த நாட்டில் அந்தக் கோபம் நியாயமானது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி ஆன பிறகும், சிங்களத்தில் மட்டுமே எழுதிய கடிதம் தமிழரின் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அதை நிறுத்த வேண்டியது அரசின் கடமை. ஆனால் தமிழுக்கான அந்த உரிமை இந்நாட்டுத் தமிழர் போராடிப் பெற்றது. வேலை விசாவில் வந்த நான் அதைக் காட்டிப் படிக்காமல் தப்பித்துக்கொள்வது தகாது.

இதே மாத்தளைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு மக்கள் கோப்பித் தோட்ட வேலைக்காக மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே நடந்து வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் வாரிசுகளின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் குடியுரிமை வந்தது. எனக்கோ வாடகை, விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதித் தந்தார்கள். இத்தனை வசதியோடு வந்தவள் அக்கம்பக்கத்தாரின் மொழியையாவது படிக்க வேண்டாமா?

தமிழருக்கு இது மலையைப் புரட்டும் வேலையும் இல்லை. பேச்சுச் சிங்களத்திலும் வினைச்சொல் நம் தமிழைப் போலக் கடைசியில்தான் வரும். நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறுவதும் இல்லை. எழுத்துக்குக் கூடுதல் காலம் பிடிக்கும்.

ஆட்களை இங்கே அனுப்பும் இந்திய நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான்: முதல் மூன்று மாதம், அலுவலக நேரத்திலேயே, சம்பளத்தோடு சிங்கள வகுப்பு வையுங்கள். அதில் ஒரு மாதமாவது கொழும்புக்கு வெளியே நடக்கட்டும். ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். மாத்தளைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசும் பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். தமிழ் வழியாகச் சிங்களம் சொல்லித்தர அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. அவர்களை நல்ல சம்பளத்தில் அமர்த்துங்கள்.